பழைய ஜப்பானியக் கார்ட்டூனைக் குடும்பப் படமாக எடுக்கப் போகிறீர்களா? முதலில் இந்தக் காகிதங்கள்

எங்கள் முதல் முயற்சி பதினான்காவது மாதத்தில் நின்றுபோனது. 1970களில் ஜப்பானியச் சிறுவர் இதழ் ஒன்றில் வந்து, பிறகு தொலைக்காட்சியிலும் ஓடிய ஒரு கதை அது. கதை எழுதியவரின் குடும்பம் சம்மதம் சொல்லிவிட்டது. அந்த மகிழ்ச்சியில் சென்னையில் நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்து கதாபாத்திரங்களை முப்பரிமாணத்தில் செய்யத் தொடங்கிவிட்டோம். படம் வரைந்தவர் வேறொருவர், அவருடைய வாரிசுகளிடம் யாருமே பேசவில்லை என்பது பிறகுதான் தெரியவந்தது. அவர்கள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த மாடல்கள் இன்னும் ஒரு ஹார்டு டிஸ்கில் கிடக்கின்றன.

இரண்டாவது கதைக்கு ஒப்பந்தம் கையெழுத்தாக இரண்டேகால் வருடம் ஆனது. ஆனால் முறையாக ஆனது. இந்த இரண்டு அனுபவத்திலும் தெரிந்துகொண்டதை, இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்களுக்காக வரிசைப்படுத்தியிருக்கிறேன். நான் தயாரிப்பு நிர்வாகம் பார்ப்பவன், வழக்கறிஞர் இல்லை. ஜப்பானியச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்பதற்கு இது உதவும்.

1. எதைத் தழுவுகிறீர்கள் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்

"அந்தக் கார்ட்டூனைப் படமாக எடுக்கப் போகிறேன்" என்று சொல்வது போதாது. அந்தக் கார்ட்டூனுக்குப் பின்னால் மாங்கா (ஜப்பானியப் படக்கதை) இருக்கலாம், நாவல் இருக்கலாம், இரண்டுமே இல்லாமல் நேரே தொலைக்காட்சிக்கு எழுதப்பட்டதாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் வேறு.

ஹைடி என்ற சிறுமியின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். யோஹன்னா ஸ்பைரியின் நாவல் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. அதை யார் வேண்டுமானாலும் படமாக்கலாம். ஆனால் நம் மனதில் நிற்கும் அந்தச் சிவந்த கன்னமும் குட்டை முடியும் 1974ல் இசாவோ தகஹாதா இயக்கிய ஜப்பானியத் தொடருக்காக யோயிச்சி கொதாபே வடிவமைத்தவை. நாவல் பொதுச்சொத்து என்று நம்பி அந்த முகத்தை எடுத்துக்கொண்டால் மாட்டிக்கொள்வீர்கள். தேனீ மாயாவும் இப்படித்தான். 1975ல் வந்த ஜப்பானியத் தொடருக்கு அடிப்படை 1912ல் வெளியான ஒரு ஜெர்மன் புத்தகம்.

"பழசுதானே, உரிமை முடிந்திருக்கும்" என்பது இன்னொரு பொறி. ஜப்பானில் படைப்பாளி இறந்தபின் 50 ஆண்டு என்று இருந்த பாதுகாப்பு, 2018 டிசம்பர் 30 முதல் 70 ஆண்டாகிவிட்டது. 1967 முடிவதற்குள் இறந்தவர்களின் படைப்புகளுக்கு அதற்குள் காலம் முடிந்துவிட்டதால் அவை மட்டும் தப்பின. 'ஆஸ்ட்ரோ பாய்' என்ற ரோபோ சிறுவன் கதையின் படைப்பாளி ஒஸாமு தெசூகா 1989ல் இறந்தார். அவருடைய மாங்காவுக்கு ஜப்பானில் 2059 முடியும்வரை பாதுகாப்பு உண்டு. நீங்களும் நானும் விரும்பிப் பார்த்த எதுவும் அநேகமாக இலவசம் கிடையாது.

2. உரிமை வரியைப் படியுங்கள், அதோடு நிற்காதீர்கள்

எந்த அனிமேவின் (ஜப்பானிய அனிமேஷன்) முடிவிலும் வட்டத்துக்குள் 'சி' போட்ட ஒரு வரி வரும். ஜப்பானியர்கள் அதை 'மாருஷி' என்பார்கள். துப்பறிய வேண்டிய இடம் அதுதான். டோரேமானின் வரியில் ஃபுஜிகோ புரொடக்ஷன், ஷோகாகுகான், டிவி அசாஹி, ஷின்-எய், ஏடிகே என்று ஐந்து பெயர்கள் இருக்கின்றன: படைப்பாளியின் நிறுவனம், பதிப்பகம், தொலைக்காட்சி, அனிமேஷன் ஸ்டுடியோ, விளம்பர நிறுவனம். ஒருவர் தலையசைத்தால் மற்ற நால்வரும் சம்மதித்ததாக ஆகாது. கூட்டாக உள்ள பதிப்புரிமையைப் பயன்படுத்த எல்லோருடைய ஒப்புதலும் வேண்டும் என்று ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஆம் பிரிவு சொல்கிறது.

பிறகு மாங்காவின் தலைப்புப் பக்கத்தைப் பாருங்கள். 'கென்சாகு' என்றிருந்தால் கதை, 'சாகுகா' என்றிருந்தால் ஓவியம். இரண்டிலும் வெவ்வேறு பெயர் இருந்தால் உடனே நிறுத்தி, இரண்டு தரப்பையும் தேடுங்கள். நாங்கள் சறுக்கியது இங்கேதான். பிற்காலத்தில் வந்த மறுபதிப்பை வைத்துக்கொண்டு தேடினோம். அதன் அட்டையில் ஒரு பெயர்தான் இருந்தது. தோக்கியோவின் நாகதாச்சோவில் உள்ள தேசிய நாடாளுமன்ற நூலகத்துக்குப் போய், கதை முதலில் வந்த இதழை எடுத்துப் பார்த்த அன்றுதான் இரண்டாவது பெயர் கண்ணில் பட்டது. மஞ்சளேறிய பக்கத்தின் ஓரத்தில், தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது. அந்த நூலகத்தில் பதிவு செய்துகொண்டால் வெளிநாட்டவரும் பார்க்கலாம், நகல் எடுக்கலாம். ஒரு பகல் வேலை. அதை முதல் மாதத்திலேயே செய்திருந்தால் பதின்மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும்.

இந்தச் சிக்கல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, தொலைக்காட்சித் தொடராகவும் வந்த 'கேண்டி கேண்டி' மாங்கா போதும். கதாசிரியருக்கும் ஓவியருக்கும் இடையே வந்த வழக்கு ஜப்பானிய உச்ச நீதிமன்றம்வரை போனது. ஓவியர் மட்டும் தனியாக அந்தப் படங்களைப் பயன்படுத்த முடியாது, கதாசிரியருக்கும் உரிமை உண்டு என்று 2001ல் தீர்ப்பு வந்தது. உலகமெங்கும் குழந்தைகள் பார்த்த அந்தத் தொடரை இன்று முறையாகப் பார்க்கவே வழியில்லை.

வெளிநாட்டு உரிமையையும் தனியாகக் கேளுங்கள். பல பழைய தொடர்களை அந்தக் காலத்திலேயே வேறு நாட்டு நிறுவனங்களுக்கு விற்றிருப்பார்கள். 'மேக்ரோஸ்' தொடரின் வெளிநாட்டு உரிமையைச் சுற்றி இருபது ஆண்டுக்கு மேல் இழுபறி இருந்தது. 2021ல்தான் சமாதானம் ஆனது.

உரிமையாளரைக் கண்டுபிடிக்கவே முடியாவிட்டால், ஜப்பானியக் கலாசார விவகார முகமையிடம் விண்ணப்பித்து அனுமதி பெறும் வழி ஒன்று உண்டு. ஆனால் அந்த அனுமதி ஜப்பானுக்குள் மட்டும்தான் செல்லும். உலக வெளியீட்டை நினைத்து எடுக்கும் படத்துக்கு அதை நம்பி இறங்காதீர்கள்.

3. கேட்டு வாங்க வேண்டிய ஆவணங்கள்

படைப்பாளி உயிரோடு இல்லை என்றால்: வாரிசுகள் யார் என்று காட்டும் குடும்பப் பதிவேடு, அதாவது 'கோசெகி'. அவர்களுக்குள் சொத்து எப்படிப் பிரிந்தது என்ற பாகப்பிரிவினைப் பத்திரம். உரிமை ஒரு நிறுவனத்துக்கு மாறியிருந்தால் அந்த மாற்று ஒப்பந்தம்.

அந்த மாற்று ஒப்பந்தத்தை மட்டும் வழக்கறிஞரிடம் கொடுத்து வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். "எல்லாப் பதிப்புரிமையும் மாற்றித் தரப்படுகிறது" என்று எழுதியிருந்தால் நாம் நிம்மதி அடைந்துவிடுவோம். ஜப்பானில் அது போதாது. தழுவல் உரிமையைச் சொல்லும் 27ஆம் பிரிவும், தழுவிய படைப்பின்மேல் மூலப் படைப்பாளிக்கு உள்ள உரிமையைச் சொல்லும் 28ஆம் பிரிவும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அவை கொடுத்தவரிடமே தங்கிவிட்டதாகச் சட்டம் கருதும். 61ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவு அது. 1970களின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஓரிரு பக்கம்தான். எங்களுக்கு வந்த ஒன்றில் இந்த இரண்டு எண்களும் இல்லை. குடும்பத்திடம் மறுபடி போய் ஒரு உறுதிக் கடிதம் வாங்க நான்கு மாதம் பிடித்தது.

எதிர்த் தரப்பு நிறுவனத்திடம் கம்பெனிப் பதிவுச் சான்றும், முத்திரைச் சான்றும் கேளுங்கள். ஜப்பானில் கையெழுத்தைவிடப் பதிவு செய்த முத்திரைக்குத்தான் எடை அதிகம். சிவப்பு மையில் குத்திய முத்திரை, சான்றிதழில் உள்ள வட்டத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கங்கள் சேரும் மடிப்பின்மேல் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் விழும்படி குத்துவார்கள். நடுவில் ஒரு தாளை யாரும் மாற்றிவிடக் கூடாது என்பதற்காக. இந்தச் சான்றுகளுக்குச் சில நூறு யென்தான் செலவு. இங்கே அரசு அலுவலகங்களிலோ நீதிமன்றத்திலோ காட்ட வேண்டியிருந்தால் அப்போஸ்டில், அதாவது ஆவணம் உண்மையானது என்று அந்த நாட்டு அரசு தரும் சான்று, தேவைப்படலாம். ஜப்பான் வெளியுறவு அமைச்சகம் அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. நோட்டரிக்கும் மொழிபெயர்ப்புக்கும்தான் காசு போகும்.

4. முதல் கடிதமும் நாள்காட்டியும்

படைப்பாளியின் வீட்டுக்கு நேரே எழுதாதீர்கள். பதிப்பகத்தின் உரிமைப் பிரிவுக்கோ, படைப்பாளியின் நிறுவனம் இருந்தால் அதற்கோ எழுதுங்கள். கடிதம் ஜப்பானிய மொழியில் இருக்கட்டும். கூடவே பத்துப் பக்கத்துக்கு மேல் போகாத 'கிகாகுஷோ', அதாவது திட்டக் குறிப்பு. ஏன் இந்தக் கதை, ஏன் இப்போது, எந்த வயதுக் குழந்தைகளுக்கு, எத்தனை நிமிடம், பணம் எங்கிருந்து, இதற்கு முன் என்ன செய்திருக்கிறீர்கள். அதில் கதாபாத்திரத்தின் புதிய வடிவத்தை வரைந்து அனுப்ப வேண்டாம். அனுமதி கேட்கும் முன்பே மாற்றி வரைந்துவிட்டீர்களா என்றுதான் அவர்கள் பார்ப்பார்கள்.

எழுதும் நேரமும் முக்கியம். ஜப்பானில் நிதியாண்டு மார்ச் 31ல் முடியும். ஏப்ரல் 1 அன்று ஊழியர்கள் துறை மாறுவார்கள். நாங்கள் எட்டு மாதம் பேசிப் பழகிய அதிகாரி ஒருவர் ஏப்ரலில் வேறு பிரிவுக்குப் போய்விட்டார், புதியவரிடம் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினோம். அதனால் ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் பேசியதை எழுதி அனுப்பி, "சரிதான்" என்ற பதிலை வாங்கி வையுங்கள். ஏப்ரல் இறுதி முதல் மே முதல் வாரம்வரை, ஆகஸ்ட் நடுவில் ஓபோன் விடுமுறை, டிசம்பர் இறுதி முதல் ஜனவரி முதல் வாரம் – இந்த மூன்று சமயத்திலும் பதில் வராது. நேரில் பார்க்க மார்ச் மாத அனிமேஜப்பான் கண்காட்சி, இலையுதிர் காலத்து டிஃப்காம் சந்தை, பிரான்சில் ஜூனில் நடக்கும் ஆன்சி சந்தை மூன்றும் நல்ல இடங்கள்.

உள்ளே ஒப்புதல் 'ரிங்கி' முறையில் நடக்கும். ஒரு தாள் மேசை மேசையாகப் போய் ஒவ்வொருவரும் முத்திரை குத்தி மேலே அனுப்புவார்கள். அதை அவசரப்படுத்த முடியாது. எங்களுக்கு ஐந்து மாதம். இடையில் வாரம் ஒரு மின்னஞ்சல் போட்டு நச்சரித்தால் கெடுதல்தான்.

மறுப்பு வந்தாலும் அது கடைசி வார்த்தை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 'ஸ்லாம் டங்க்' மாங்காவைப் புதிதாகப் படமாக்கும் பேச்சு 2009 வாக்கில் தொடங்கி, தயாரிப்பாளர் தரப்பு முன்னோட்டத் துண்டுகளைத் திரும்பத் திரும்பச் செய்து காட்டிய பிறகு 2014ல்தான் அதன் படைப்பாளி தகேஹிகோ இனோவே இறங்கி வந்தார். கடைசியில் அவரே இயக்கினார். படம் 2022 டிசம்பரில் வந்தது.

5. ஆப்ஷன்: முழு விலை கொடுக்காமல் காலம் வாங்குவது

உரிமையை ஒரேயடியாக வாங்காதீர்கள். ஆப்ஷன் ஒப்பந்தம் போடுங்கள். குறிப்பிட்ட காலத்துக்கு வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார்கள், அதற்குள் நீங்கள் திரைக்கதையும் பணமும் திரட்டிக்கொள்ளலாம். பொதுவாகக் காலம் 12 முதல் 18 மாதம், ஒருமுறை நீட்டிக்கலாம். தொகை முழு விலையில் பத்தில் ஒரு பங்கு என்பது பழக்கம். முதல் தொகை பிறகு விலையில் கழியும், நீட்டிப்புக்குக் கொடுப்பது பெரும்பாலும் கழியாது. கழியுமா என்பதை எழுத்தில் போடுங்கள்.

இங்கே எல்லோரும் விடும் தவறு ஒன்று: காலக்கணக்கில் அவர்களுடைய சரிபார்ப்பு நாட்களையும் சேர்த்துவிடுவது. திரைக்கதை அவர்கள் மேசையில் மூன்று மாதம் கிடந்தால் அது உங்கள் ஆப்ஷனில் மூன்று மாதம் குறைந்த மாதிரி. "சரிபார்ப்புக்குக் கொடுத்த நாள் முதல் பதில் வரும்வரை காலம் ஓடாது" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நாங்கள் இரண்டாவது முறை கேட்டோம், உடனே ஒப்புக்கொண்டார்கள். அடுத்த பாகம், தொலைக்காட்சித் தொடர், பொம்மை, விளையாட்டு இவற்றையும் இப்போதே பேசிவிடுங்கள். குறிப்பாகப் பொம்மை உரிமை ஏற்கெனவே வேறொரு நிறுவனத்திடம் இருக்க வாய்ப்பு அதிகம். பொம்மை விற்று முதலை எடுத்துவிடலாம் என்று முதலீட்டாளரிடம் சொல்லும் முன் இதைக் கேளுங்கள்.

6. கன்ஷூ: ஒவ்வொரு ஓவியத்துக்கும் ஒப்புதல்

அதிக நாள் பிடிக்கும் கட்டம் இதுதான். 'கன்ஷூ' என்றால் மேற்பார்வை. திரைக்கதை, கதாபாத்திர வடிவம், நிறம், பின்னணி, சுவரொட்டி எல்லாம் உரிமையாளரின் பார்வைக்குப் போய் ஒப்புதலோடு திரும்ப வேண்டும்.

இதற்குச் சட்டப் பின்புலமும் உண்டு. படைப்பைத் தன் விருப்பத்துக்கு எதிராகச் சிதைக்கக் கூடாது என்று கேட்கும் உரிமை ஜப்பானியப் படைப்பாளிக்கு 20ஆம் பிரிவில் இருக்கிறது. அந்த உரிமையை விற்க முடியாது. அவர் இறந்த பிறகும் குடும்பத்தார் தடை கேட்கலாம். அதனால் பதிப்புரிமையைக் காசு கொடுத்து வாங்கிவிட்டோம், இனி நம் இஷ்டம் என்று இருக்க முடியாது. இந்தத் தார்மிக உரிமையைப் பயன்படுத்தமாட்டோம் என்று அவர்கள் தரும் உறுதி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அதோடு எந்தெந்த மாற்றத்துக்குச் சம்மதம் என்ற பட்டியலைப் பின்னிணைப்பாகச் சேருங்கள். உறுதியைவிடப் பட்டியல்தான் பிற்காலத்தில் கைகொடுக்கும்.

தட்டை ஓவியத்தை முப்பரிமாணமாக்கும்போது வரும் சிக்கலைக் கண்ணால் பார்த்தால்தான் புரியும். ஆஸ்ட்ரோ பாயின் தலையில் இரண்டு கொம்பு போல முடி நிற்கும். தெசூகாவின் ஓவியத்தில் முகம் எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டும் தெரியும், ஒன்று மற்றொன்றை மறைக்காது. காகிதத்தில் அது நடக்கும். உருண்டையான மாடலில் தலையைத் திருப்பினால் ஒரு கொம்பு பின்னால் போய் ஒளிந்துகொள்ளும், உடனே வேறு யாரோ போலத் தெரியும். கேமரா கோணத்துக்கு ஏற்பக் கொம்பை நகர்த்தும் வசதியை மாடலுக்குள்ளேயே வைக்க வேண்டும். அது தனிச் செலவு.

எங்கள் நாயகிக்கு இரட்டைப் பின்னல். பக்கவாட்டு முகத்தை அனுப்பினோம். திரும்பி வந்த தாளில் மூக்கின் நுனிக்கு மேலே சிவப்புப் பென்சிலில் ஒரு சின்ன வளைவு, பக்கத்தில் ஜப்பானிய மொழியில் "இவள் கோபமாக இல்லை" என்று எழுதியிருந்தது. மூக்கை அரை மில்லிமீட்டர் உயர்த்தியதும் அந்த முகம் நாங்கள் சிறுவயதில் பார்த்த முகமாகவே ஆகிவிட்டது. அந்தக் குறிப்பை எழுதிய அம்மா நாற்பது வருடமாக அந்தக் கதாபாத்திரத்தைக் காத்து வருகிறார். அவரைத் தடையாக நினைத்தவர்களுக்காக இதைச் சொல்கிறேன், அவர் சொன்ன திருத்தங்களில் ஒன்றுகூட வீண் இல்லை.

நடைமுறைக்கு மூன்று விஷயம். ஒரு சுற்றுக்கு எத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள், எங்களுக்குப் பதினைந்து வேலை நாள். எத்தனை சுற்று என்பதற்கும் எண் போடுங்கள். ஒப்புதலான தாளுக்கு எண்ணும் தேதியும் இட்டு இரு தரப்பிலும் வையுங்கள். ஆள் மாறினாலும் அந்தத் தாள் மாறாது.

7. திரைக்கதை: எதை எடுப்பது, எதை விடுவது

பழைய கார்ட்டூன் என்றால் நூற்றுக்கணக்கான சிறுகதைகள். எல்லாவற்றிலிருந்தும் ஒரு பிடி அள்ளினால் படம் நிற்காது. 2014ல் வந்த 'ஸ்டாண்ட் பை மீ டோரேமான்' செய்தது நல்ல பாடம். டோரேமான் வருவது, நோபிதாவின் வருங்காலத் திருமணம், பிரிவு என்று மாங்காவிலேயே இருந்த சில அத்தியாயங்களை மட்டும் எடுத்து ஒரே கோட்டில் கோத்தார்கள். வருவதிலும் போவதிலும் படம் நின்றது. ஜப்பானில் மட்டும் 838 கோடி யென் வசூலித்தது.

2009ல் ஹாங்காங்கின் இமாஜி நிறுவனம் எடுத்த 'ஆஸ்ட்ரோ பாய்' படத்துக்குச் சுமார் 6.5 கோடி டாலர் செலவு. திரையரங்கு வசூல் அதற்குக் கீழேயே நின்றது, அடுத்த ஆண்டு ஸ்டுடியோவே மூடப்பட்டது. இன்னொரு பழைய ஜப்பானியக் கார்ட்டூனான 'காட்சாமன்' கதையை வைத்து அவர்கள் திட்டமிட்டிருந்த படமும் கைவிடப்பட்டது. என் கருத்தில், மகனை இழந்த தந்தை இயந்திர மகனை வெறுக்கும் இடத்தில் அந்தப் படம் உயிரோடு இருந்தது. ரோபோக்கள் மோதும் அரங்கத்துக்குப் போனதும் அது வேறு படமாகிவிட்டது.

அப்பா புகைப்பது, ஆசிரியர் அடிப்பது, குளியலறைக் காட்சி போன்றவற்றை இன்றைய குடும்பப் படத்தில் வைக்க முடியாது. அவற்றை நீக்குவதாகத் திட்டக் குறிப்பிலேயே சொல்லிவிடுங்கள். யாரும் மறுக்கமாட்டார்கள். கதையை இன்றைய காலத்துக்குக் கொண்டுவந்து கைப்பேசி கொடுப்பதுதான் சிக்கல். பையன் தொலைந்துபோவதில் நிற்கும் கதையில் அவன் கையில் கைப்பேசி வந்தால் கதை காணாமல் போய்விடும். நாங்கள் காலத்தை மாற்றவில்லை.

8. பாட்டும் பெயரும்

தொடரின் முகப்புப் பாட்டு, தொடரின் உரிமையோடு வராது. ஆஸ்ட்ரோ பாயின் ஜப்பானியப் பாட்டை எழுதியவர் கவிஞர் ஷுன்தாரோ தனிகாவா, இசை தத்சுவோ தகாய். இந்த இரண்டின் உரிமையும் மாங்காவின் உரிமையிலிருந்து தனி. ஜப்பானிய இசைப் பதிப்புரிமை அமைப்பான ஜாஸ்ராக்கின் இணையத் தேடலில் பாட்டின் பெயரைப் போட்டால் யார் நிர்வகிக்கிறார்கள் என்று தெரியும். பழைய ஒலிப்பதிவையே பயன்படுத்தினால் இசைத்தட்டு நிறுவனத்தின் அனுமதி வேறு.

பெயரும் உருவமும் வணிகச் சின்னமாகப் பதிவாகியிருக்கிறதா என்று ஜப்பானின் வணிகச் சின்னத் தேடல் தளமான ஜே-பிளாட்பாட்டில் பாருங்கள், இலவசம். வெளியிடப் போகும் ஒவ்வொரு நாட்டிலும் அதையே செய்யுங்கள்.

9. பணம் அனுப்பும்போது

இந்தியாவிலிருந்து ராயல்டி அனுப்பினால், இந்தியா–ஜப்பான் இரட்டை வரி ஒப்பந்தப்படி 10 சதவீதம் பிடித்தம். அந்த விகிதம் கிடைக்க, அவர்கள் தங்கள் வரி அலுவலகத்தில் வாங்கிய குடியிருப்புச் சான்று உங்கள் கையில் இருக்க வேண்டும். இதை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே கேளுங்கள். பணம் கட்டும் வாரத்தில் கேட்டால் ஆடிட்டர் சான்று தாமதமாகி, வங்கி நிறுத்தி, கெடு தப்பிவிடும்.

"வரி போகக் கையில் வரும் தொகை" என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அந்தப் பத்து சதவீதம் உங்கள் தலையில். ஒரு கோடி யென் அவர்கள் கையில் சேர நீங்கள் சுமார் 1 கோடியே 11 லட்சம் யென் கணக்குப் போட வேண்டும். வெளிநாட்டு உரிமம் என்பதால் ஜிஎஸ்டியும் நீங்களே கட்ட வேண்டிவரும். பிறகு அதை வரி வரவாக எடுக்கலாம் என்றாலும் அன்றைக்குக் கையில் காசு வேண்டும். யென் விலை ஏறும் இறங்கும், அதற்கும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

10. வெளியீட்டுக்கு முன்

விநியோகஸ்தரும் ஓடிடி தளங்களும் கேட்பது உரிமைச் சங்கிலி, அதாவது உரிமை யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பது, முழுதும் அடங்கிய ஒரு கோப்பு. அதோடு, உரிமை பற்றி வழக்கு வந்தால் செலவை ஏற்கும் எரர்ஸ் அண்ட் ஒமிஷன்ஸ் காப்பீடு. அந்தக் காப்பீட்டு நிறுவனமும் அதே கோப்பைத்தான் கேட்கும். மூன்றாவது படியில் வாங்கிய ஒவ்வொரு தாளையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு வைத்திருந்தால் இரண்டு வாரத்தில் முடியும். எங்களிடம் ஒரு மொழிபெயர்ப்பில் வாரிசின் பெயரெழுத்து கோசெகியோடு பொருந்தவில்லை. அதைத் திருத்தி நோட்டரியிடம் மறுபடி போக மூன்று வாரம்.

இந்தியத் தணிக்கையில் 2024 முதல் யு/ஏ சான்று 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரிந்திருக்கிறது. குடும்பப் படத்துக்கு யு, அதிகம் போனால் யு/ஏ 7+ என்று நினைத்தே ஸ்டோரிபோர்டு கட்டத்தில் காட்சிகளைப் பாருங்கள். அனிமேஷன் முடிந்த பிறகு வெட்டினால் அந்த ஷாட்டுக்கான காசு போய்விடும், வெட்டிய வடிவத்துக்கு மறுபடி கன்ஷூவும் வேண்டும். கடைசிப் பிரதியில் உரிமை வரி அவர்கள் கொடுத்த வரிசையிலேயே, அதே எழுத்தில் வந்திருக்கிறதா என்று நீங்களே திரையில் நிறுத்திப் படித்துவிட்டு அனுப்புங்கள்.